ஓட்டுக்கூரை வீட்டு பிளானுக்கு டைமன்ஷன் (அளவுக்குறி): எந்த இடத்தில் எந்த வகை? (கேள்வி–பதில்; பேசுபவர்கள் புனைபெயரில்)

கன்னிமூலை:
களியக்காவிளைப் பக்கம் ஒரு வீட்டு பிளான், ஆட்டோகேட்டில் மில்லிமீட்டரில் வரைந்தது. மனையின் தெற்கு எல்லை நேராக இல்லை, கிழக்கு–மேற்குக் கோட்டிலிருந்து 20 டிகிரி கோணலாகப் போகிறது. முன்பக்கம் அரைவட்டமாக ஒரு சிட்அவுட் (வெளித்திண்ணை), பக்கவாட்டில் லேசான வளைவில் காம்பவுண்ட் சுவர், மேலே நாலு பக்கமும் சரியும் ஓட்டுக்கூரை. கொத்தனார் மார்த்தாண்டத்துக்காரர், அடி, அங்குலம்தான் பேசுவார். கூரை ஆசாரி எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையிலிருந்து வருகிறார். அவருக்குச் சென்டிமீட்டர் வேண்டும், சுற்றளவு மட்டும் பழைய தச்சு அளவான கோல்–விரலில் வேண்டும். இப்போது வரைபடத்தில் இருப்பதெல்லாம் டிம்லீனியர் (நேர் அளவு போடும் கமாண்ட்). எங்கெங்கே வேறு வகை போடணும்?

முழக்கோல்:
தெற்கு எல்லையை முதலில் பாருங்கள். கட்டட பர்மிட் சிக்குவது அங்கேதான்.

டிம்லீனியர் கிடைமட்டம் அல்லது செங்குத்து, இரண்டில் ஒன்றைத்தான் அளக்கும். வீட்டு மூலையிலிருந்து கோணல் எல்லைக்கு நேர் தெற்காக லீனியர் போட்டு 1000 வந்தால், அது செட்பேக் (எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி) இல்லை. செட்பேக் என்பது எல்லைக்கோட்டுக்குச் செங்குத்தான தூரம். 20 டிகிரி கோணலில் அந்த 1000, உண்மையில் 940தான். தாளில் ஒரு மீட்டர், மண்ணில் 6 சென்டி குறைவு. செய்ய வேண்டியது: டிம்அலைன்ட் (இரண்டு புள்ளிக்கு நடுவே சாய்வாகவே அளப்பது, சுருக்கம் டி.ஏ.எல்), முதல் புள்ளி சுவர் மூலை, இரண்டாவது புள்ளிக்கு பெர்பெண்டிகுலர் ஸ்னாப் (செங்குத்துப் புள்ளியைப் பிடிக்கும் வசதி) வைத்து எல்லைக்கோட்டில் கிளிக். சன்ஷேடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் நுனியிலிருந்தும் ஒன்று போட்டுவிடுங்கள்.

மனைக்கு நாலு பக்க நீளம் மட்டும் கொடுத்தால் போதாது. நாலு பக்கமும் சரியாக இருந்தும் வடிவம் சாய்ந்துபோகலாம், கயிற்றுக் கட்டில் மாதிரி. ஒரு மூலைவிட்டமாவது அலைன்டில் கொடுத்தால்தான் கல் நடும்போது வடிவம் பூட்டிக்கொள்ளும். இரண்டு மூலைவிட்டம் கொடுத்தால் இரண்டாவது சரிபார்ப்புக்கு ஆகும்.

வீட்டையே மனைக்குத் தக்கபடி திருப்பி வைத்திருந்தால் ஒவ்வொரு சுவருக்கும் அலைன்ட் போட வேண்டாம். டிம்லீனியரிலேயே ரொட்டேட்டட் தேர்வு இருக்கிறது. கோணம் கேட்கும்போது சுவரின் இரண்டு முனையையும் கிளிக் செய்தால் எடுத்துக்கொள்ளும். பிறகு டிம்கன்டின்யூ போட்டால் அதே கோணத்தில் வரிசையாக வரும்.

ரசமட்டம்:
ஆட்டோகேட் 2016 பதிப்பிலிருந்து வந்த புது டிம் கமாண்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. கோட்டின் மேல் கர்சரை வைத்தால் தானாக வகை பிடிக்கும், வேகம்தான். ஆனால் சாய்ந்த கோட்டில், கர்சரை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அதைப் பொறுத்து லீனியராகவோ அலைன்டாகவோ உட்கார்ந்துவிடும். கோணல் மனையில் இது ஆபத்து. எல்லைக்கோட்டு வேலைக்கு மட்டும் டி.ஏ.எல் என்று தட்டிப் போடுங்க.

அடுத்து தூண். தூண் குறிக்கத் தொடர் டைமன்ஷன், அதாவது டிம்கன்டின்யூ, வேண்டாம். 3450, 3650, 3450 என்று வரிசையாகக் கொடுத்தால் ஆள் டேப்பை ஒவ்வொரு துண்டுக்கும் எடுத்து வைப்பார். துண்டுக்கு 3 மில்லி பிசகினால் மூன்றாவதில் 9 மில்லி. எட்டு துண்டு என்றால் 24. ஒரே பூஜ்யத்திலிருந்து ஓடும் அளவாக 0, 3450, 7100, 10550 என்று கொடுத்தால், டேப்பை ஒரு ஆணியில் மாட்டி இழுத்துக்கொண்டே போகலாம். பிசகு சேர்ந்துகொண்டே போகாது.

அதற்கு இரண்டு வழி. ஒன்று டிம்பேஸ்லைன். முதலில் ஒரு லீனியர் போட்டுவிட்டு டி.பி.ஏ தட்டினால் அதன் முதல் கோட்டையே அடிப்படையாக எடுத்து அடுக்கும். அடிப்படை தப்பான பக்கம் போய்விட்டால் எஸ் தட்டி, சரியான நீட்டிப்புக் கோட்டைத் தேர்ந்தெடுங்க. எந்த முனைக்குப் பக்கத்தில் கிளிக் செய்கிறீர்களோ அதுதான் பூஜ்யம். அடுக்குகளின் இடைவெளி டிம்டிஎல்ஐ. ஐஎஸ்ஓ-25 ஸ்டைலில் 3.75. எழுத்து உயரம் 2.5க்கு மேல் வைத்திருந்தால் இதையும் கூட்டணும், இல்லாவிட்டால் எண்கள் முட்டும்.

இரண்டாவது வழி டிம்ஆர்டினேட், பூஜ்யத்திலிருந்து எக்ஸ் அல்லது ஒய் தூரத்தை மட்டும் எழுதுவது. பத்துப் பதினைந்து தூண் இருந்தால் இதுதான் சுத்தம், அம்புக்கோடே கிடையாது. யு.சி.எஸ் (நாமே வைக்கும் ஆய அச்சு) பூஜ்யத்தை வீட்டின் ஒரு வெளி மூலைக்கு நகர்த்தணும். பிறகு ஆர்த்தோ (கோடு நேராக மட்டும் போகும் வசதி) போட்டுக்கொண்டு டி.ஓ.ஆர் தட்டுங்க. ஆர்த்தோ இல்லாமல் போட்டால் லீடர் கோணிக்கொள்ளும், சில இடத்தில் எக்ஸ் கேட்டால் ஒய் வரும். யு.சி.எஸ்ஸை வேர்ல்டுக்கு (மூல அச்சுக்கு) திருப்பினாலும் முன்பு போட்டவை மாறாது, புதிதாகப் போடுபவைதான் வேறு பூஜ்யத்திலிருந்து வரும். பாதி நாள் கழித்து இரண்டு தூண் சேர்க்கும்போது இதில்தான் சிக்குவார்கள். யு.சி.எஸ்ஸுக்குப் பெயர் கொடுத்துச் சேமித்து வைப்பது நல்லது. இல்லாவிட்டால் கியூடிம் (பலவற்றுக்கு ஒரே தடவையில் அளவு போடுவது) போட்டு, தூண்களை மொத்தமாகப் பிடித்து, ஆர்டினேட் தேர்ந்து, டேட்டம்பாயின்ட் கொடுங்க, யு.சி.எஸ்ஸைத் தொடவே வேண்டாம்.

முழக்கோல்:
ரசமட்டம் சொல்வது தூணுக்குச் சரி. சன்னல், கதவுத் திறப்புகளுக்குத் தொடர் அளவே நல்லது. கட்டு ஏறும்போது இரண்டு திறப்புக்கு நடுவே எத்தனை சுவர் என்றுதான் கொத்தனார் பார்ப்பார். தொடருக்கு வெளியே மொத்த அளவு ஒன்று இருக்கட்டும். சுவர்த் தடிமனையும் ஒரு இடத்தில் காட்டுங்கள்: நம் பக்கம் 9 அங்குலச் செங்கல் சுவர் 230, அந்தப் பக்கத்து ஆட்கள் 20 சென்டி சுவருக்குப் பழகியவர்கள். காட்டாமல் விட்டால் அறைக்குள் 3 சென்டி வித்தியாசம் யாருக்கும் தெரியாமல் ஓடும்.

கன்னிமூலை:
நன்றி அண்ணே. இன்னொன்று: படுக்கையறையை ஸ்ட்ரெட்ச் கமாண்டால் இழுத்து 3500 ஆக்கியாச்சு, டைமன்ஷன் இன்னும் 3600 என்று நிற்கிறது. சில இடத்தில் மாறுது, சில இடத்தில் மாறலை.

தூக்குக்குண்டு:
மூன்று காரணம் இருக்கலாம். மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

டைமன்ஷனைத் தேர்ந்து பிராப்பர்டீஸ் திறந்து, டெக்ஸ்ட் ஓவர்ரைடு கட்டத்தைப் பாருங்கள். அங்கே 3600 என்று எழுதியிருந்தால் யாரோ கையால் அடித்தது. சுவர் என்ன ஆனாலும் அது மாறாது. அந்தக் கட்டத்தைக் காலி செய்தால் உண்மை அளவு திரும்பி வரும். மொத்த வரைபடத்திலும் தேட கியூசெலக்ட் (ஒரே பண்புள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கும் கமாண்ட்): வகை ரொட்டேட்டட் டைமன்ஷன் (டிம்லீனியரில் போட்டவை), பண்பு டெக்ஸ்ட் ஓவர்ரைடு, நிபந்தனை நாட் ஈக்வல், மதிப்பு காலி. அலைன்டுக்குத் தனியாக இன்னொரு முறை. வெளியிலிருந்து வந்த பிளான் என்றால் இதைச் செய்யாமல் ஒரு அளவையும் நம்பக் கூடாது.

ஓவர்ரைடே தப்பு என்று சொல்லவில்லை. <> என்ற குறி இருக்கும்வரை அளவு உயிரோடு இருக்கும். படிக்கட்டுக்கு "10 x 150 = <>" என்று எழுதினால் 1500ஐ அதுவே காட்டும்; யாராவது படியை மாற்றினால் கணக்கு உதைப்பது கண்ணுக்குத் தெரியும். பிளானில் அதே படிக்கட்டுக்கு "9 x 250 = <>", 2250. எழுபலகை (படியின் நிமிர்ந்த முகம்) பத்து என்றால் மிதிபலகை (கால் வைக்கும் பரப்பு) ஒன்பது. இரண்டிலும் 10 என்று போட்ட வரைபடங்கள் நிறையச் சுற்றுகின்றன.

இரண்டாவது காரணம் டிம்அசோக் என்ற அமைப்பு. அது 2 என்றால் அளவு பொருளோடு ஒட்டியிருக்கும், 1 என்றால் ஒட்டாது, 0 என்றால் போடும்போதே கோடும் எழுத்துமாகச் சிதறிவிடும். இந்த மதிப்பு டைமன்ஷன் ஸ்டைலில் இல்லை, வரைபடக் கோப்பில் இருக்கிறது. அதனால் பழைய கோப்பைத் திறந்து அதன் மேலேயே வரைந்தால் பழைய மதிப்பும் கூடவே வரும். 2க்கு மாற்றினால் இனிமேல் போடுபவைக்குத்தான் பலன். பழையவற்றுக்கு டிம்ரீஅசோசியேட் போட்டு ஒவ்வொரு முனையாகக் காட்டணும். 2013 பதிப்பு முதல் கீழ்ப்பட்டையில் அனோட்டேஷன் மானிட்டர் உண்டு. அதைப் போட்டால் ஒட்டாத அளவுகளின் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி நிற்கும்.

மூன்றாவது: ஒட்டாத அளவை ஸ்ட்ரெட்ச் செய்யும்போது, நீட்டிப்புக்கோடு தொடங்கும் அந்தச் சின்னப் புள்ளி, தேர்ந்தெடுக்க இழுக்கும் கட்டத்துக்குள் விழுந்திருக்க வேண்டும். எண் விழுந்தால் போதாது. சில இடத்தில் மாறியது, சில இடத்தில் மாறவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான்.

பாறசாலைபுறம்:
கூரைக்கு வருவோம். சரிவு எவ்வளவு?

கன்னிமூலை:
இறவாரச் சுவரிலிருந்து முகடு வரை கிடைமட்டம் 3000, உயரம் 1500. நாலு பக்கமும் ஒரே சரிவு.

பாறசாலைபுறம்:
அப்படியானால் பிளானில் போட்ட எந்த டைமன்ஷனும் மரத்தின் நீளம் இல்லை. பிளான் மேலிருந்து பார்ப்பது. சரிவு அதில் தெரியாது. சாதாரணக் கழுக்கோல் (கூரையின் சரிவு மரம்) பிளானில் 3000, உண்மையில் 3354. இதை வெட்டுத்தோற்றத்தில், அதாவது செக்‌ஷனில் அலைன்ட் போட்டு எடுத்துவிடலாம், பலரும் செய்வார்கள்.

பிசகுவது மூலைக் கழுக்கோலில், அதாவது இரண்டு சரிவு சேரும் மூலையில் போகும் மரத்தில். அது எந்த செக்‌ஷனிலும் நேராக வெட்டப்படுவதில்லை. பிளானில் சாய்ந்து கிடப்பதால் அலைன்ட் போட்டு 4243 என்று எழுதிவிடுவார்கள். அது நிழலின் நீளம். 1500 ஏறுகிறது, ஆகவே உண்மை நீளம் 4500. 257 மில்லி குட்டையாக மரம் அறுத்தால் அதை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது?

வழி இது: மூலைக் கோட்டை வெற்றிடத்தில் காப்பி செய்து, ரொட்டேட்டில் ரெஃபரன்ஸ் கொடுத்துப் படுக்கவையுங்கள். ஒரு முனையில் 1500 நிமிர்த்துங்கள். உச்சியையும் மறு முனையையும் சேர்த்து, அந்தச் சாய்கோட்டில் அலைன்ட். பக்கத்தில் "மூலைக் கழுக்கோல், உண்மை நீளம்" என்று எழுதுங்கள். 3டியில் வரைந்திருந்தாலும் இந்த வம்பு உண்டு: புள்ளிகளின் உயரம் வேறாக இருந்தாலும் டைமன்ஷன் நடப்பு யு.சி.எஸ் தளத்தில் விழும் நீளத்தைத்தான் அளக்கும். டிஸ்ட் கமாண்ட் 4500 சொல்லும், டைமன்ஷன் 4243 சொல்லும். யு.சி.எஸ்ஸை 3 பாயின்ட்டில் அந்த மரத்தின் தளத்துக்குத் திருப்பினால்தான் இரண்டும் சேரும்.

ஓரத்துக்கு 600 வெளியே நீட்டினால் சாதாரணக் கழுக்கோலுக்கு 671 கூடும், மூலைக்கு 900 கூடும். மூலைக் கழுக்கோலில் வந்து முட்டும் குட்டைக் கழுக்கோல்கள் 600 இடைவெளி என்றால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட 671 குறையும். இதற்குத் தனித்தனி டைமன்ஷன் வேண்டாம், ஒரு குறிப்பு போதும். முகட்டுப் பலகையின் பாதித் தடிமனைக் கழிப்பதை ஆசாரியிடம் விட்டுவிடுங்கள். ஆனால் நீங்கள் கொடுத்தது நடுக்கோட்டு அளவு என்று சொல்லிவிடுங்கள்.

சரிவுக்கு டிம்ஆங்குலர் (கோண அளவு) போடுவது அழகுக்குத்தான். 26.57 டிகிரி வரும். தசமம் இல்லாமல் வைத்திருந்தால் 27 என்று எழுதும். 27க்குக் கட்டினால் 3000இல் உயரம் 1529 ஆகிவிடும். ஆசாரிக்கு "2க்கு 1" என்பதும், 1500 என்ற செங்குத்து லீனியரும் போதும்.

ரசமட்டம்:
அரைவட்டச் சிட்அவுட்டுக்கு டிம்ரேடியஸ் (ஆரம்). கூடவே மையக்குறி கட்டாயம் வேணும், ஆணி அங்கேதான் அடிக்கப்போறாங்க. 2017 பதிப்பு முதல் சென்டர்மார்க், அதற்கு முன் டிம்சென்டர். மையம் வீட்டுச் சுவரிலிருந்து எங்கே என்பதற்கு இரண்டு லீனியர். ஆரம் மட்டும் கொடுத்து மையத்தின் இடத்தைக் கொடுக்காத பிளான் பாதி பிளான்.

எந்த முகத்துக்கு ஆரம் என்பதையும் எழுதுங்க. வெளிமுகம் 1800, சுவர் 230 என்றால் உள்முகம் 1570. கைப்பிடி, மேல்கல் வாங்க நீளம் வேணும் என்றால் டிம்ஆர்க் (வில்லின் நீளம்). வெளியே 5655, உள்ளே 4932. முக்கால் மீட்டருக்குக் கிட்ட வித்தியாசம். டிம்ஆர்க் எண்ணின் மேலோ முன்னாலோ வில் குறி போடும். டிம்ஆர்க்சிம் 2 வைத்து அதை மறைக்காதீங்க, மறைத்தால் அது நேர் நீளம் மாதிரி தெரியும். உருண்டைத் தூணுக்கு மட்டும் ஆரம் வேண்டாம், டிம்டயாமீட்டர். கம்பி வளைப்பவரும் ஷட்டரிங் ஆளும் விட்டத்தில்தான் பேசுவாங்க.

முழக்கோல்:
காம்பவுண்டின் லேசான வளைவுக்கு டிம்ஜாக்டு போடத் தோன்றும். மையம் தாளுக்கு வெளியே இருந்தால் மடித்துக் காட்டுவதற்கு அது சரிதான். மண்ணில் அந்த மையம் பக்கத்து மனைக்குள் இருக்கும். அங்கே போய் ஆணி அடிக்க முடியுமா? நாணையும் உயரத்தையும் கொடுங்கள்.

நாண் 4000, நடு உயரம் 400 என்றால் ஆரம் 5200 (நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, பாதி உயரத்தைக் கூட்டினால் வரும்). நாணில் நூல் கட்டி, நடுவிலிருந்து இருபுறமும் 500க்கு ஒரு குறி. உயரங்கள் நடுவில் 400, பிறகு 376, 303, 179, முனையில் 0. இவற்றை ஆர்டினேட்டில் போட்டால் கொத்தனார் மூலைமட்டமும் டேப்பும் வைத்தே வளைவை எடுத்துவிடுவார். ஆர்டினேட்டின் பூஜ்யத்தை நாணின் நடுப்புள்ளியில் வையுங்கள்.

தூக்குக்குண்டு:
அலகு. அடியும் சென்டியும் கோலும் ஒரே கோட்டின் மேல் ஏற்றினால் யாராலும் படிக்க முடியாது. மூன்று ஸ்டைல், மூன்று லேயர், தாளுக்கு ஒன்று. லேஅவுட்டில் (அச்சுத் தாளில்) வேண்டாத லேயரை வியூபோர்ட் ஃப்ரீஸ் செய்தால் (அந்தத் தாளில் மட்டும் மறைத்தால்) ஒரே மாடல் போதும்.

கொத்தனார் தாள்: முதன்மை அலகு மில்லி, ஆல்டர்நேட் யூனிட்ஸ் போட்டு, வகை ஆர்க்கிடெக்சுரல், பெருக்கி 0.03937, துல்லியம் கால் அங்குலம். 3450க்கு 11 அடி 3¾ அங்குலம் வரும். 2 மில்லி பிசகு, கட்டுவேலைக்குப் பரவாயில்லை.

கூரைத் தாள்: முதன்மை அலகின் ஸ்கேல் ஃபேக்டர் 0.1, சென்டியில் வரும். டிம்எல்ஃபேக் என்பது இதுதான். கோணத்தை இது தொடாது. ஆல்டர்நேட் பெருக்கி முதன்மை மதிப்பிலிருந்து கணக்கிடும் என்பதை மறக்கக் கூடாது: முதன்மையைச் சென்டியாக்கிய பிறகு அங்குலத்துக்குப் பெருக்கி 0.3937. இதை மாற்றாமல் விட்டால் பத்தில் ஒரு பங்கு காட்டும்.

ஐஎஸ்ஓ-25இல் தசமக் குறி கமா. 345.5 என்பது 345,5 என்று அச்சாகும், நம் ஊரில் அதை யாரும் தசமமாகப் படிக்கமாட்டார்கள். பிரைமரி யூனிட்ஸ் பக்கத்தில் டெசிமல் செபரேட்டரைப் புள்ளியாக்குங்கள்.

டிம்ஆர்என்டி, அதாவது முழுமையாக்கல், வைக்காமல் இருப்பதே நல்லது. 5க்கு முழுமையாக்கினால் 1222 மூன்று முறை வரும் இடத்தில் 1220, 1220, 1220 என்று எழுதி, மொத்தத்தில் 3665 என்று எழுதும். கூட்டினால் 3660. முழுமையாக்கல் சுவரை மாற்றுவதில்லை, அழுக்கை மறைக்கிறது. தசமத்தை இரண்டு இடம் திறந்து பார்த்து, 229.87 என்று நிற்கும் சுவர்களை 230 ஆக்கிவிட்டுப் பிறகு தசமத்தை மூடுங்கள்.

பாறசாலைபுறம்:
கோல் கணக்குக்கு: 1 கோல் 24 விரல், 72 சென்டி, ஒரு விரல் 3 சென்டி. மில்லியிலிருந்து விரலுக்குப் பெருக்கி 0.033333, கோலுக்கு 0.00138889. ஆனால் பக்கங்களை விரலில் டைமன்ஷன் போட்டு அவற்றைக் கூட்டிச் சுற்றளவு சொல்ல வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் முழு விரலாக்கும்போது ஒன்றரை சென்டி வரை போகும், நாலு பக்கத்தில் 2 விரல் வரை ஏறவோ இறங்கவோ செய்யும். மூத்தாசாரி ஒரு விரலுக்கே சண்டை போடுவார்.

சுவரைச் சுற்றி மூடிய பாலிலைன் (ஒரே தொடர்கோடு) ஒன்று வரைந்து, எம்டெக்ஸ்ட்டில் ஃபீல்டு (தானே மாறும் எண்) செருகி, ஆப்ஜெக்ட் என்பதில் அந்தப் பாலிலைனையும் லெங்த்தையும் தேர்ந்து, அடிஷனல் ஃபார்மட்டில் கன்வர்ஷன் ஃபேக்டர் 0.00138889 கொடுங்கள். 9600 x 12000 என்றால் 43.20 மீட்டர், சரியாக 60 கோல். ஒரு பக்கச் சுவரை 3 சென்டி தள்ளினால் சுற்றளவு 2 விரல் கூடும்; ரீஜென் (திரையைப் புதுப்பிக்கும் கமாண்ட்) அடித்தவுடன் எண் மாறும். எந்த முகத்தைச் சுற்றி அளப்பது என்று முதலிலேயே ஆசாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், உள்முகமும் வெளிமுகமும் வேறு வேறு கோல்.

"கோல்", "விரல்" என்று சஃபிக்ஸில் தமிழில் எழுதினால் ஆட்டோகேட்டின் எஸ்.எச்.எக்ஸ் எழுத்துருவில் கேள்விக்குறிதான் வரும். டெக்ஸ்ட் ஸ்டைலை லதா அல்லது நிர்மலா யுஐக்கு மாற்றுங்கள்.

கன்னிமூலை:
மாற்றியாச்சு, தமிழ் வருகிறது. ஆனால் எழுத்து எறும்பு சைஸில் இருக்கு. ஸ்டைலில் உயரம் 2.5தான், டிம்ஸ்கேல் (டைமன்ஷனைப் பெரிதாக்கும் மடங்கு) 100.

தூக்குக்குண்டு:
புது டெக்ஸ்ட் ஸ்டைலில் உயரம் பூஜ்யமாக இல்லை. அங்கே ஒரு எண் இருந்தால் டைமன்ஷன் ஸ்டைலின் உயரத்தைக் கணக்கிலேயே எடுக்காது. ஸ்டைல் கமாண்டில் உயரத்தை 0 ஆக்குங்கள். அனோட்டேட்டிவ் (தாளின் அளவுகோலுக்குத் தக்கபடி எழுத்து தானே மாறும் தேர்வு) போட்டுப் பழகினால் டிம்ஸ்கேல் தலைவலியே இல்லை, பிளான் 1:100இலும் கூரை விவரம் 1:20இலும் ஒரே உயரத்தில் வரும். கூரை விவரத்தைப் பெரிதாக்க ஸ்கேல் கமாண்டால் ஐந்து மடங்கு ஊதாதீர்கள். 3354, 16770 ஆகிவிடும். வியூபோர்ட்டை 1:20 வைத்தால் வரைபடத்தைத் தொட வேண்டியதில்லை.

கன்னிமூலை:
சரியாச்சு. கடைசியா ஒன்று: திரையில் மூலைவிட்டம், மையக்குறி எல்லாம் இருக்கு, பிரின்ட்டில் இல்லை.

ரசமட்டம்:
லேயரைப் பாருங்க, டெஃப்பாயின்ட்ஸ் என்று இருக்கும். முதல் டைமன்ஷன் போட்டதுமே ஆட்டோகேட் தானாக உண்டாக்குவது, அதில் இருப்பது எதுவும் அச்சாகாது. அதை நடப்பு லேயராக வைத்துக்கொண்டு வரைந்திருப்பீங்க. அந்தக் கோடுகளை கியூசெலக்ட்டில் லேயர் வாரியாகப் பிடித்து டிம் லேயருக்கு மாற்றுங்க, பிரின்ட்டில் வந்துவிடும்.